சாமிக்கு எந்த ஊருங்க?

கோடை விடுமுறை நெருங்கும் நாள்களில் ஆயரகத்திலிருந்து குருக்களின் இடமாற்ற ஆணைகள் வெளிவரும். ஆணை கைக்கு வருமுன்னரே பங்குகளில் செய்தி பரவிவிடும். புதிதாக வருகின்ற பங்குத்தந்தை நன்றாக மறையுரை ஆற்றுவாரா, நோயாளிகளைச் சந்திப்பாரா, பிள்ளைகளிடம் அன்பாயிருப்பாரா என்னும் கேள்விகளெல்லாம் பிறகுதான் எழும். அவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. கொங்கு நாட்டுக்கே உரிய பணிவோடு, கைகூப்பியபடியே அது கேட்கப்படும்: "சாமிக்கு எந்த ஊருங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னால் கேட்டவர் முகத்தில் நிறைவு தோன்றாது. சற்றுப் பொறுத்து, "அங்க எந்தத் தெருவுங்க?" என்று அடுத்த கேள்வி வரும். தெருவைச் சொல்லிவிட்டால் அதன்மேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பாதிப் பங்கு மகிழும், மறுபாதி மௌனமாகிவிடும்.

இதனை மக்களின் அறியாமை என்று சிரித்து ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. நம் மறைமாவட்டம் பிறக்கும்போதே அதுவும் உடன் இருந்தது. நம் முதல் ஆயரின் மனச்சான்றை அது உறுத்தியது. அவர் இங்கிருந்து சென்று தொடங்கிய பணியின் வழியாக நற்செய்தி பரவிய நாடுகளுள் ஒன்றில், நம் காலத்திலேயே, ஓர் ஆயரை அவருடைய பேராலயத்துக்குள் கால் வைக்கவிடாமல் அதே கேள்வி தடுத்தது. கோவையையும் நைஜீரியாவையும் இணைக்கும் இந்த இழை நம் இறைமக்களுள் பலரும் அறியாதது. எனவே சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள், கருமத்தம்பட்டியில், மெல்கியோர் தே மரியோன் பிரெசில்லாக் என்னும் பிரெஞ்சு மறைபரப்பாளர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. தென் பிரான்சின் கஸ்தெல்நோதாரி நகரில் 1813-இல் பிறந்தவர். பாரிசு வேதபோதக சபையில் சேர்ந்து 1842-இல் புதுச்சேரியில் வந்திறங்கியவர். சேலம் பகுதியில் ஊர் ஊராக நடந்து தமிழ் கற்றார். பின்னர்ப் புதுச்சேரியில் குருமாணவர்களுக்குப் பொறுப்பாளரானார். கோயம்புத்தூர், புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்ட தனி மறைத்தளமாக அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1850-இல் அவர் அதன் முழுப் பொறுப்புள்ள திருத்தூது ஆட்சியாளரானார். கோவை புனித மிக்கேல் பேராலயத்தின் தொடக்கம் அவர் காலத்தது.

பிரெசில்லாக்கின் உள்ளத்தை ஆட்கொண்டிருந்த எண்ணம் ஒன்றே: இந்நாட்டுத் திருச்சபைக்கு இந்நாட்டுக் குருக்கள் வேண்டும், அவர்கள் ஐரோப்பியருக்கு எடுபிடிகளாயிராமல், பொறுப்பேற்று நடத்துவோராக வேண்டும். இன்று இது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் கருத்து. அன்று அப்படியன்று. 1844-இல் ஆயர் பொன்னான் தலைமையில் கூடிய புதுச்சேரி மறைமன்றம் உள்நாட்டுக் குருக்களின் பயிற்சியை வற்புறுத்தியது. 1845-இல் உரோமைப் பேராயமும் அதையே கண்டிப்பாக அறிவுறுத்தியது. தாள்களில் எல்லாரும் இசைந்தனர். உணவு மேசையிலும் கூட்டங்களிலும் தமிழ்க் குரு ஒருவரைத் தமக்குச் சமமாக அமர்த்துவதற்கு மறைபரப்பாளர் பலர்க்கு மனம் வரவில்லை. இஃது ஒரு புறம். மறுபுறம், நம்மவர் கேள்வி: அந்தத் தமிழ்க் குரு எந்தச் சாதி?

இக்கேள்வி பிரெசில்லாக்குக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முற்பட்டது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி துறவிக் கோலம் பூண்டு உயர்சாதியாரிடையே பணியாற்றினார். ஏனையோர்க்காக 1640 முதல் 'பண்டாரசாமிகள்' என்னும் வேறு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். நம் புனித அருளானந்தர் அத்தகைய பண்டாரசாமியே. நற்செய்தி நாட்டின் உட்பகுதிகளுக்குச் சென்றது இம்முறையால்தான் என்பதை மறுக்க இயலாது. நம் கொங்கு நாட்டில் சத்தியமங்கலம் வட்டாரத்தை அது 17-ஆம் நூற்றாண்டிலேயே எட்டியது. எனினும் அதற்குக் கொடுத்த விலை பெரிது. சாதிக்கொரு குரு என்னும் ஏற்பாடு காலப்போக்கில் சாதிக்கொரு வாசல், சாதிக்கொரு பீடம், சாதிக்கொரு கல்லறை என்றாயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745-இல் புதுச்சேரி ஆலயத்தினுள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும் அதனால் எழுந்த கலகத்தைப் பற்றியும் கூறுகின்றது. வடக்கன்குளத்து ஆலயத்திலிருந்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது.

உரோமை வாளாவிருக்கவில்லை. 1704-இல் தூர்னோன் என்னும் திருத்தந்தையின் தூதர், தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குள் சென்று நோயிற்பூசுதல் அளிக்க மறுப்பது கூடாதென ஆணையிட்டார். நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பின் 1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் 'மலபார் சடங்குகள்' குறித்து இறுதித் தீர்ப்பு வழங்கினார். ஒவ்வொரு மறைபரப்பாளரும் அதற்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அப்போதும் ஒரு சமரசம் செய்யப்பட்டது: தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருக்களை நியமிக்கலாம். குடிசைக்குள் நுழையும் குரு மாளிகைக்குள் நுழைய வேண்டியதில்லை. மாளிகைக்குள் நுழைபவர் குடிசைப் பக்கம் போகத் தேவையில்லை. சட்டமும் காக்கப்பட்டது, சாதியும் காக்கப்பட்டது.

இத்தகைய மரபைத்தான் இளம் ஆயர் பிரெசில்லாக் கொங்கு நாட்டில் எதிர்கொண்டார். கொங்கு என்பது 24 நாடுகளாகப் பகுக்கப்பட்ட பழைய நிலப்பரப்பு. மலைகளால் சூழப்பட்டதாயினும் கணவாய்களால் திறந்து கிடப்பது. பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையாளிகளும், கசல்கட்டி வழியே கன்னடரும், விசயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கரும் வந்து குடியேறினர். வலங்கை, இடங்கை என்னும் பிரிவு பிற பகுதிகளில் மங்கிய பின்னும் இங்கு நெடுங்காலம் நிலைத்தது. காங்கேய நாட்டின் ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து பிரெண்டா பெக் அம்மையார் 1972-இல் வெளியிட்ட நூலிலும் அப்பிரிவின் சுவடுகள் விரிவாகப் பதிவாகியுள்ளன. யார் வீட்டில் யார் உண்ணலாம், யார் குலதெய்வத்துக்கு யார் காப்புக் கட்டலாம், யார் தெருவில் யார் செருப்பணிந்து நடக்கலாம் என்பதெல்லாம் அணுவணுவாக வரையறுக்கப்பட்ட மண் இது. திருமுழுக்குத் தண்ணீர் நெற்றியை நனைத்தது. இந்த வரையறைகளை அது கரைக்கவில்லை.

பிரெசில்லாக் சாதியை ஒழிக்க வந்த புரட்சியாளர் என்று இன்றைய கண்ணாடி அணிந்து கூறுவது முறையன்று. அவரை வாட்டிய கேள்வி வேறு. எவ்வழக்கம் வெறும் சமுதாயப் பழக்கம், எது பாவம்? 1744-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தடுத்தவற்றுள் எவற்றையெல்லாம் நாம் கண்டும் காணாதவர்போல் இருக்கின்றோம்? அவ்வாறிருக்கையில் நம் குருக்களைச் சத்தியம் செய்யச் சொல்வது எங்ஙனம்? ஆயர்கள் கூடியபோது அவர் கேட்டார், உரோமைக்கு எழுதினார். தெளிவான விடை கிட்டவில்லை. "எல்லாரும் செய்வதைப் போலச் செய்யுங்கள்" என்பதுதான் பெரும்பாலோர் மனநிலையாயிருந்தது. இந்த அறிவுரையோடு இயைந்து வாழக் கூடியவர்கள் உண்டு. அவரால் இயலவில்லை. 1854-இல் உரோமைக்குச் சென்றார். மறு ஆண்டு மார்ச்சில் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. அந்தச் சத்தியம் பிற்பாடு 1940-இல் உரோமையாலேயே நீக்கப்பட்டது என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு அன்றும் விடை வரவில்லை, கேள்விதான் கைவிடப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டு இந்தியப் பணியின் நினைவுகளை அவர் பிரெஞ்சு மொழியில் எழுதி வைத்துள்ளார். ஓய்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை. ஆப்பிரிக்காவில் மறைபரப்பாளர் எவரும் செல்லாத பகுதிகளுக்குச் செல்ல விழைந்து, 1856 டிசம்பர் 8-ஆம் நாள் லியோன் நகரின் ஃபூர்வியேர் அன்னை திருத்தலத்தில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சங்கத்தைத் தொடங்கினார். 1859 மே 14-இல் சியேரா லியோனின் ஃபிரீடவுன் துறைமுகத்தில் இறங்கினார். நகரில் மஞ்சட்காய்ச்சல் பரவியிருந்தது. உடன் உழைத்தோருள் பெரும்பாலோரும் மாண்டனர். ஜூன் 25-இல் அவரும் மாண்டார். வயது 45. ஆப்பிரிக்க மண்ணில் அவர் வாழ்ந்தது ஆறே வாரங்கள். 2020-ஆம் ஆண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய வீரத்துவமான நற்பண்புகளை ஏற்று வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். ஆப்பிரிக்க மறைபரப்புச் சங்கத்தார் அவரைத் தந்தையெனப் போற்றுகின்றனர். நம் பங்குகளிலோ ஆயர்கள் பட்டியலில் முதற் பெயர் என்பதற்கு மேல் அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

சங்கம் அவரோடு மடியவில்லை. அகுஸ்தீன் பிளாங்க் என்னும் அவருடைய தோழர் அதை நடத்தினார். 1861-இல் தகோமேயை அடைந்த அருட்தந்தை பொர்கேரோ, இரண்டாண்டு கழித்து லாகோஸ் நகருக்கு வந்தபோது ஒரு வியப்பைக் கண்டார். குருவே இல்லாத அந்நகரில் கத்தோலிக்கர் கூடிச் செபித்துக்கொண்டிருந்தனர். பிரேசில் நாட்டுத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றுத் திரும்பியவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரான முதியவர், மக்களால் 'பாத்ரே அந்தோனியோ' என்றழைக்கப்பட்ட பொதுநிலையினர், திருமுழுக்கும் செபமும் நடத்தி விசுவாசத்தைக் காத்து வந்தார். 1868-இல் லாகோசில் முதல் குரு நிலையாகத் தங்கினார். நைசர் ஆற்றுக்கு மேற்கே ஆப்பிரிக்க மறைபரப்புச் சங்கத்தாரும், கிழக்கே ஒனிட்சாவில் 1885 முதல் தூய ஆவி சபையாரும் உழைத்தனர். மேற்கே யொரூபா இனத்தார் மிகுந்த நாடு. கிழக்கே இக்போ நாடு. வடக்கே ஹௌசா, ஃபுலானி மக்களின் இசுலாமிய அரசுகள். மொழியாலும் சமயத்தாலும் வரலாற்றாலும் வேறுபட்ட இம்மூன்றையும் இவற்றினிடையே வாழ்ந்த நூற்றுக்கணக்கான சிற்றினங்களையும் 1914-இல் லுகார்டு என்னும் ஆங்கில ஆளுநர் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைத்தார். அதுவே நைஜீரியா.

1960 அக்டோபர் 1-இல் விடுதலை வந்தது. கட்சிகள் பெரும்பாலும் வட்டாரத்துக்கொன்றாக, இனத்துக்கொன்றாக அமைந்தன. 1966 ஜனவரியில் நடந்த இராணுவப் புரட்சியில் முன்னின்ற அதிகாரிகளுள் பெரும்பாலோர் இக்போ இனத்தவர். கொலையுண்ட தலைவர்களுள் பலர் வடக்கத்தியர். சூலையில் எதிர்ப்புரட்சி நடந்தது. அவ்வாண்டு வடக்கு நகரங்களில் வணிகராகவும் எழுத்தராகவும் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1967 மே 30-இல் கிழக்கு மாநிலம் 'பயாஃப்ரா' என்னும் தனி நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. 1970 ஜனவரியில் போர் ஓய்ந்தபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், பட்டினியாலும் நோயாலும் இறந்திருந்தனர். சாவோ தோமே தீவிலிருந்து இரவு நேரத்தில் விளக்கணைத்துப் பறந்து ஊலி ஓடுபாதையில் உணவிறக்கிய விமானங்களைக் கத்தோலிக்கரும் பிற கிறித்தவ சபையினரும் சேர்ந்தே இயக்கினர். போருக்குப் பின் அயர்லாந்து மறைபரப்பாளர் வெளியேற்றப்பட்டனர். அந்த வெற்றிடத்தில் இக்போ இளைஞர் திரள் திரளாகக் குருமடம் புகுந்தனர். பிரெசில்லாக் கோவையில் கண்ட கனவு, உள்நாட்டுக் குருக்கள் நிறைந்த திருச்சபை, அங்கே நனவாயிற்று.

இனப் பூசலுக்கு அரசு கண்ட மருந்து, மாநிலங்களைப் பிரிப்பது. 1967-இல் 12 மாநிலங்கள், 1976-இல் 19, 1991-இல் 30, 1996-இல் 36. அரசுப் பதவிகள் எல்லா இனத்தார்க்கும் பங்கிடப்பட வேண்டுமென 1979-ஆம் ஆண்டு அரசமைப்பு விதித்தது. நோக்கம் நல்லதே. ஆனால் ஒருவன் பிறந்து வளர்ந்த ஊரைவிட அவன் தந்தைவழி மூதாதையரின் ஊரே அவனுடைய உரிமைகளைத் தீர்மானிக்கலாயிற்று. ஒவ்வொரு பிரிவினையிலும் நேற்றைய சிறுபான்மை இன்றைய பெரும்பான்மையாகி, தனக்கென ஒரு புதிய சிறுபான்மையைப் பெற்றுக்கொண்டது. "எந்த ஊர்?" என்ற கேள்வி அங்கே சட்டமாயிற்று.

இனி அஹியாரா. இக்போ நாட்டின் தென்பகுதியில், எம்பைசே என்னும் வட்டாரத்துக்காக 1987-இல் உருவான மறைமாவட்டம் அது. மக்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். குருத்துவ அழைத்தலுக்குப் பெயர்பெற்ற மண். முதல் ஆயரும் எம்பைசே மைந்தரே. அவர் 2010-இல் மறைந்தார். 2012 டிசம்பரில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் பீட்டர் ஒக்பலேக்கே என்பவரைப் புதிய ஆயராக நியமித்தார். அவரும் இக்போ, அதே மொழி பேசுபவர், அதே போரின் துயரத்தை அறிந்த மக்களிடமிருந்து வந்தவர். ஆனால் எம்பைசேக்காரர் அல்லர். வடக்கே சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள அனம்பிரா மாநிலத்தவர். குருக்களுள் பெரும்பாலோரும் மக்களும் எதிர்த்தனர். "எங்களிடம் இத்தனை குருக்கள் இருக்க, எங்களுள் ஒருவர்கூடத் தகுதியற்றவரா? அனம்பிராக்காரரே எல்லா இடத்துக்கும் ஆயராவதா?" என்பது அவர்கள் வாதம். பேராலயம் பூட்டப்பட்டது. 2013 மே 21-இல் அவருடைய திருநிலைப்பாடு மறைமாவட்டத்துக்கு வெளியே, வேறொரு குருமடத்தில் நடந்தது. கர்தினால் ஒனையேக்கன் நிர்வாகியாக அனுப்பப்பட்டார். பலனில்லை. 2017 ஜூன் 8-இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஒவ்வொரு குருவும் 30 நாளுக்குள் மன்னிப்புக் கேட்டும் ஆயரை ஏற்றும் தனித்தனியே கடிதம் எழுத வேண்டுமென்றும், எழுதாதவர் பணிநீக்கம் பெறுவரென்றும் கண்டிப்பாகக் கூறினார். ஏறக்குறைய 200 கடிதங்கள் சென்றன. எழுதியோருள் சிலர், கீழ்ப்படிகிறோம், ஆனால் இந்த ஆயரோடு பணியாற்ற மனம் ஒப்பவில்லை என்றனர். 2018 பிப்ரவரியில் ஒக்பலேக்கே தாமே விலகிக்கொண்டார். ஐந்தாண்டுக்கு மேல் ஆயராயிருந்தும் தம் மந்தையிடையே அவர் தங்கவே இயலவில்லை.

ஹௌசாவுக்கும் இக்போவுக்கும் இடையே நடந்திருந்தால் இதை நாம் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். இது நடந்தது இக்போவுக்கும் இக்போவுக்கும் இடையே. பங்காளிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்வோமே, அதுதான். பகை தொலைவிலிருப்பவனோடு தொடங்கினாலும் அங்கே நிற்பதில்லை. வட்டம் சுருங்கிச் சுருங்கி, ஒரே மொழி பேசி ஒரே நற்கருணை உண்பவனிடமும் வந்து சேர்கின்றது.

எம்பைசே மக்களைக் குற்றம் சாட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். "எங்களுக்கு எங்களவர் வேண்டும்" என்பது எப்போதும் தவறான கோரிக்கையா? திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். எருசலேம் திருச்சபையில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டதாக முறையீடு எழுந்தது. மொழிப் பூசல், பந்திப் பூசல், நமக்கு நன்கு பழக்கமான பூசல். திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். ஸ்தேவான், பிலிப்பு முதலிய அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. பந்தியில் விடுபட்டவர்களின் பக்கத்து ஆள்களிடமே பந்திப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டனர். அவர்கள் பரிமாறியது எபிரேயக் கைம்பெண்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே, பந்தியில் இடம் கிடைக்காதவன் "எனக்கும் ஓரிடம்" என்று கேட்பதும், பந்தியைத் தன் வசம் வைத்திருப்பவன் "இது எங்கள் பந்தி" என்பதும் ஒரே சொல்லால் சொல்லப்பட்டாலும் ஒரே கோரிக்கையல்ல. 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயராக அமர்ந்தபோது அது முதல் வகை. வெள்ளையர்க்கே உரியதாயிருந்த இருக்கையில் கடற்கரை மைந்தர் ஒருவர் அமர்ந்தார். பிரெசில்லாக் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் முதல் வகையாகத் தொடங்குவது இரண்டாம் வகையாக முடிவதற்கு ஒரு தலைமுறைக் காலம் போதும். அஹியாராவில் இரண்டும் பின்னிக் கிடந்தன என்றே எண்ணுகிறேன். ஒனிட்சாவில் முதலில் பள்ளி கண்டவர்கள் முந்திக்கொண்டார்கள் என்ற ஆதங்கத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் கதவைப் பூட்டிய கை நீதி கேட்கும் கையன்று.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் கொங்கு நாட்டைப் பார்ப்போம். வட்டாரக் குறை என்பது இங்கும் உண்டு. அதிலும் நியாயம் உண்டு. பவானி ஆற்றின் மிகைநீரைக் கொண்டு வரும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்காக இம்மண்ணின் உழவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தனர். 2024 ஆகஸ்டில்தான் அது தொடங்கி வைக்கப்பட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்கு வழி பிறந்தது. வரி கொடுக்கிறோம், ஆலை நடத்துகிறோம், சென்னை எங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்னும் பேச்சு தேநீர்க் கடைகளில் நெடுநாளாக உண்டு. 2009-இல் கொங்குநாட்டின் பெயரிலேயே ஒரு கட்சி எழுந்தது. 2021 சூலையில், மத்திய இணையமைச்சராகப் பொறுப்பேற்ற எல். முருகன் அவர்களின் அரசுக் குறிப்பில் ஊர் 'கொங்குநாடு' என்று அச்சானதும், தனி மாநிலம் வேண்டும், வேண்டாம் என்று சில வாரங்கள் நாடெங்கும் சொற்போர் நடந்தது.

தனி மாநிலம் பற்றிக் கருத்துக் கூறுவது என் பணியன்று. ஆனால் ஒரு கேள்வி கேட்க உரிமையுண்டு. 'கொங்கு' என்னும் பெயரைச் சொல்லும்போது யாரை எண்ணிச் சொல்கின்றோம்? தெலுங்கு பேசும் அருந்ததியர் அதில் அடங்குவரா? தேவாங்கர், படுகர், இருளர்? கோவை ஆலைகளை நிறுவியோருள் ஸ்டேன்சு என்னும் ஆங்கிலேயரும் தெலுங்கு பேசும் நாயுடு குடும்பத்தாரும் உண்டு, அவர்கள்? வட்டாரத்தின் பெயரால் சென்னையிடம் "எங்களுக்கும் ஓரிடம்" என்று கேட்கும் அதே வாய், ஊருக்குத் திரும்பியதும் தெருவின் பெயரால் "இது எங்கள் இடம்" என்று சொல்வதை நாம் காண்கிறோம். தனிக்குவளை வைத்த தேநீர்க் கடைகள் இம்மண்ணில் இருந்தன. 2015-இல் வேற்றுச் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி ஒருவர் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டுப் பள்ளிபாளையம் அருகே இரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1990-களில் தென் மாவட்டங்களின் சாதிக் கலவரங்களைக் கண்டு 1997-இல் அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இட்டிருந்த தலைவர் பெயர்களை எல்லாம் நீக்கியபோது, நம் பேருந்துகளிலிருந்து 'சேரன்' என்ற பெயரும் மறைந்தது. பெயரை அழிக்கப் பெயிண்டு போதுமானதாயிருந்தது.

அயலார் வந்தபின் இது இன்னும் தெளிவாகத் தெரிகின்றது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இல்லையெனில் இன்று எந்திரங்கள் ஓடா. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கிக் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. ஆயிரம் கல் தொலைவிலுள்ள தாய்மார் அலறினர்; தொழிலாளர் இரயிலேறினர்; பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி உண்மை கண்டது. பொய்யை நம்ப இரு பக்கத்திலும் ஆயத்தமான மனங்கள் இருந்தன என்பதே வருத்தம். காதர்பேட்டைச் சந்தைக்கு வந்து ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகளை வாங்கி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் நைஜீரியரும் அதே நகரில் பல ஆண்டுகளாக உள்ளனர். அவருள் இக்போ இனத்தவர், கத்தோலிக்கர் உண்டு. நமக்கு அவர்கள் எல்லாரும் 'நைஜீரியாக்காரர்'. அனம்பிராவா எம்பைசேயா என்று நாம் கேட்பதில்லை. அவர்களுக்கு நாம் எல்லாரும் 'இந்தியர்'. எந்தத் தெரு என்று அவர்கள் கேட்பதில்லை.

நம் திருச்சபையின் நிலையும் மறைக்கத்தக்கதன்று. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே எழுந்த சாதி மோதல் துப்பாக்கிச்சூட்டில் முடிந்து இருவர் மாண்டனர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஆயர் நியமனம் வரும்போதெல்லாம் தமிழகத்தில் சுவரொட்டிகள் எழுகின்றன. இரண்டு வகைக் குரல்களும் அவற்றில் உண்டு; எது எந்த வகை என்று பிரித்தறியும் பொறுமை நமக்கு இல்லை. எல்லாவற்றையும் 'சாதி அரசியல்' என ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பந்தியில் அமர்ந்திருப்பவர்க்கு அந்தச் சொல் மிக வசதியானது.

ஒக்பலேக்கேயின் கதை 2018-இல் முடிந்துவிடவில்லை. 2020-இல் அவருடைய சொந்த அனம்பிராவில் எக்வுலோபியா என்னும் புதிய மறைமாவட்டம் தோற்றுவிக்கப்பட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் 27-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். அன்று அதே புனித பேதுரு பேராலயத்தில், அதே திருச்சடங்கில், செந்தொப்பி பெற மண்டியிட்டவர்களுள் ஐதராபாத்துப் பேராயர் அந்தோனி பூலாவும் ஒருவர். தலித் சமூகத்திலிருந்து கர்தினாலான முதல் மனிதர் அவர். ஒருவர் அயலூரார் என்று கதவு பூட்டப்பட்டவர். மற்றவர், உள்ளூராராகவே இருந்தும் நூற்றாண்டுகளாகக் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களின் மகன். மறுநாள் நம் நாளிதழ்கள் பூலா அவர்களின் சாதியைத் தலைப்பில் இட்டன. நைஜீரிய நாளிதழ்கள் ஒக்பலேக்கே எந்த மறைமாவட்டத்தால் மறுக்கப்பட்டவர் என்பதை எழுதின.